இடப்பக்கக் குழாய்

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வசந்தகுமாரி அடுப்படியில் அப்படியே நின்றாள். கையிலிருந்த தேங்காயை உடைக்கவில்லை. உடைத்தால் குளியலறைச் சத்தம் காதில் விழாமல் போய்விடும்.

விருந்தாளியின் பெயர் அன்னம்மாள். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு மூன்று நாள் கப்பல், அப்புறம் ரங்கத்துக்கு ஒரு பகல் முழுக்க பஸ். வசந்தகுமாரியின் கணவர் சந்திரசேகருக்கு நாளைக் காலை முதல் வருஷத் திதி. அதற்காக வந்திருந்தாள்.

வாசலில் கால் வைத்ததுமே அன்னம்மாள் சொல்லிவிட்டாள். ஒரு குளியல் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜுக்குப் போய்விடுவாளாம். நாளைக்குத் திதி முடிந்த கையோடு மதிய பஸ்.

இங்கேயே இருங்கள் என்று சொல்ல வசந்தகுமாரிக்கு வாய் வரவில்லை. சொல்லும் உரிமை தனக்கு உண்டா என்றும் தெரியவில்லை. ஆனால் அன்னம்மாள் இந்த வீட்டில் ஓர் இரவாவது தங்க வேண்டும். இரண்டு மாதமாக வசந்தகுமாரிக்கு வேறு ஆசையே கிடையாது. வாயால் முடியாததை அந்த நாலுக்கு ஐந்து அடி குளியலறையில் சொல்லி வைத்திருந்தாள்.

புது இடத்தில் சோறு இறங்கிவிடும். தூக்கம்கூட வந்துவிடும். குளியலறைதான் கடைசிவரை அடுத்தவர் வீடாகவே இருக்கும். அங்கே கூச்சம் விட்டுப்போனால் ஆள் தங்கிவிடுவாள் என்று நம்பினாள்.

வேலை தொடங்கிய அன்று கொத்தனார் கோகுல் சுவரில் டால்பின் வைக்கலாம் என்றான். ரிசார்ட்டுகளில் எல்லாம் அதுதானாம். வேண்டாம் என்றாள். அலை, மீன், சிப்பி எதுவும் கூடாது. நீலம் ஒரு துளி கூடாது. அன்னம்மாளுக்குக் கடல் என்றால் பயம். அந்தப் பயத்தால்தான் இத்தனை வருஷமாக இந்தப் பக்கமே வராதவள்.

நெல் வேண்டும் என்றாள்.

கப்பலிலும் லாரியிலும் நொறுங்கி வந்த சில்லுகள் டைல்ஸ் கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. பச்சையை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தாள். நாற்றுப் பச்சை, பாசிப் பச்சை, பழுக்கப் போகிற மஞ்சள் பச்சை. நாலு சுவரிலும் முழங்கால் உயரத்துக்குச் சில்லுகளை நெட்டுக்குத்தலாகப் பதிக்கச் சொன்னாள். அதற்கு மேலே வெறும் வெள்ளை. கூரையில் ஒரு தகரத்தை எடுத்துவிட்டு வெளிச்சம் இறங்கும் ஷீட் போட்டாள். மேகம் நகர்ந்தால் வயலும் நகர்ந்தது.

ரங்கத்திலும் வயல் உண்டு. ஆனால் கொஞ்ச தூரத்தில் காடு வந்து முட்டிவிடும். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை என்பதை அவள் சந்திரசேகர் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள்.

மற்றதெல்லாமும் அவர் பேச்சுவாக்கில் உதிர்த்ததுதான். அன்னம்மாளுக்கு இடக்கை வழக்கம். உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாத இடுப்பு. கண்ணாடியில் முகம் பார்க்க எக்க வேண்டும், அத்தனை குள்ளம். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். வசந்தகுமாரி கேட்காதவள் போல் இருந்துவிடுவாள். ஒன்றையும் தொலைத்ததில்லை.

குழாய் இடப்பக்கம் போனது. கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. பிடித்துக்கொண்டு எழ, படாக் மரத்தில் ஒரு கட்டை.

"அரே அக்கா, கவர்னர் வந்தாக்கூட இவ்ளோ நக்ஷா போட மாட்டாங்க. யாரு வர்றது, அண்ணனோட தங்கச்சியா?"

காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் வரைந்து கொடுத்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கோகுல் கேட்டான். தனக்கு மூத்தவங்க என்று மட்டும் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு சிமெண்ட் குழைக்கப் போனான்.

வேலை முடிந்த பிறகு மத்தியானங்களில் உள்ளே போய், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொள்வாள். மேலே ஷீட்டில் மழை ஓடும். அதன் நிழல் பச்சைச் சில்லுகளில் ஓடும். கண்ணை மூடினால் வரப்பில் யாரோ நடந்து வருவார்கள். முகம் தெரியாது. இடக்கையை நீட்டிக் குழாயைத் திறந்து பார்ப்பாள். அது யாருடைய கை என்று ஒரு கணம் அவளுக்கே மறந்துபோகும்.

இப்போது உள்ளே சத்தமே இல்லை.

பிடிக்கவில்லையோ. அதிகப்பிரசங்கி என்று நினைத்துவிட்டாளோ. தன் உடம்பைப் பற்றி இவ்வளவும் இந்த வீட்டில் பேசியிருக்கிறார்களே என்று கூசிப்போனாளோ.

தேங்காய் கைக்குள் வேர்த்தது.

பிறகு குழாய் திறந்தது. வாளி நிறைந்தது. வழிந்தது. செம்பில் முகக்கும் சத்தம் வரவில்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

அந்தத் தெருவுக்கு இனி நாளை மறுநாள்தான் தண்ணீர் விடுவார்கள். மேலே தொட்டி காலியாகிக்கொண்டிருந்தது. வசந்தகுமாரி குரல் கொடுக்கவில்லை. திறந்துவிட்ட குழாய்ச் சத்தத்துக்குள் ஒரு பெண் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒரு வருஷமாக அவளும் அதைத்தான் செய்தாள்.

குழாய் நின்றது. அதற்கப்புறம் செம்பு, நிதானமாக, ஒன்று, இன்னொன்று.

கதவைத் திறந்து வந்த அன்னம்மாளின் கண்கள் சிவந்திருந்தன. மாற்றுப் புடவை கட்டியிருந்தாள். பிழிந்த ஈரப் புடவை தோளில் கிடந்தது. லாட்ஜுக்குப் போகிறவள், சுருட்டி எடுத்துப்போக ஏதாவது வேண்டுமே என்று வசந்தகுமாரி ஒரு பிளாஸ்டிக் பையைத் தேடி எடுத்து நீட்டினாள்.

"பை எதுக்கு? கொடி எங்க கட்டியிருக்கே?"

"பின்னால, தாழ்வாரத்துல. ஆனா மழைக்காலம்... இங்க ஒரு பொடவை காய ரெண்டு நாளாகுங்க."

"ஆகட்டும்" என்றாள் அன்னம்மாள்.

பின்தாழ்வாரத்தில் சந்திரசேகரின் மூத்த தாரம் ஒரு முனையையும் இளைய தாரம் மறுமுனையையும் பிடித்து உதற, புடவை காற்றை அள்ளிக்கொண்டு ஒருமுறை எழுந்து, தாழ்ந்தது.