ஏழாவது இடத்துக் கடல்

"ஏம்மா, படம் வந்துச்சா இல்லையா? பதினோரு மணிக்குக் கூட்டம். இப்பவே பத்தே கால்!"

ஆய்வுக்கூடத் தலைவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

"வந்துருச்சு சார். ஆனா ஏழாவது இடம் உதைக்குது."

"கடல் உதைக்காம என்ன பண்ணும்?"

சிரிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. திரையில் கடலின் குறுக்குவெட்டுப் படம். கரையிலிருந்து தள்ளித் தள்ளிப் பன்னிரண்டு இடங்களில் கப்பல் நின்று, கருவியை அடிவரை இறக்கி, அரை மீட்டருக்கு ஒரு தடவை நீரின் சூட்டை அளந்து அனுப்பியிருந்தது. அந்த எண்களை 'ஆர்' என்ற புள்ளிவிவர மென்பொருளில் ஏற்றி, சூட்டைச் சிவப்பாகவும் குளிரை நீலமாகவும் படம் போடுவது அவள் வேலை.

ஏழாவது இடத்தில்தான் ரசாயன ஆலை தன் கழிவுக் குழாயைக் கொண்டுபோய் விடப் போகிறது. அங்கே குளிர்ந்த அடிநீர் மேலே ஏறாது என்றால் அனுமதி. ஏறும் என்றால் கழிவு அத்தனையும் பிள்ளைகள் குளிக்கிற கரைக்கு வந்து சேரும்.

படத்தில் அடிநீர் ஏறவில்லை. ஆனால் கடல் என்றால் இடத்துக்கு இடம் கொஞ்சமாவது நெளியும். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கிடந்தது.

ஏழிலிருந்து ஆறைக் கழிக்கச் சொல்லி ஒரு வரி தட்டினாள். 0.02. அடுத்ததும் 0.02. அதற்கடுத்ததும். நூற்றி இருபது வரியும் அதே.

அளக்கவே இல்லை. பக்கத்து இடத்து எண்களை எடுத்து, 0.02 கூட்டி, ஏழாவது இடம் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

அனுப்பியது யார் என்று விசாரிக்கத் தேவையில்லை. கப்பலில் அளவெடுக்கும் பொறுப்பு அவள் கணவனுடையது.

"உன் வீட்டுக்காரர் எடுத்த அளவுதானேம்மா? ஆலையோட ஆளும் கப்பல்ல கூடவே இருந்து கையெழுத்துப் போட்டிருக்காரு. வீட்டுச் சண்டைய இங்க இழுத்துட்டு வராத" என்றார் தலைவர், கதவில் நின்றபடியே.

"ஒரே ஒரு தடவை கேட்டுக்கறேன் சார்."

கப்பலின் சாட்டிலைட் போன் வெகுநேரம் அடித்தது.

"சொல்லு."

பன்னிரண்டு நாள் கழித்துப் பெண்டாட்டியிடம் பேசுகிறவன் குரலா அது?

"ஏங்க, ஏழாவது இடத்துல நெஜமாவே கருவிய இறக்குனீங்களா?"

இரைச்சலுக்கு நடுவே, "அனுப்பினத நல்லா பாத்தியா?"

"பாத்துட்டுத்தான் கேக்கறேன்."

"அப்ப அவ்வளவுதான். அதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்காத. வெச்சிரு."

அவள் வைக்கும் முன்பே அவன் வைத்துவிட்டான். இந்த மனுஷனா விலை போனான்? மீன் கடைக்காரன் எடை கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று திரும்பி நடந்துபோய்ச் சொன்னவனா?

பொய் அளவு என்று தெரிந்தால் வேலை போகும். எந்தக் கப்பலும் இனி அவனை ஏற்றாது. கடலைத் தவிர எதுவும் தெரியாதவன். ஒரு வாரம் கரையில் இருந்தாலே ஜன்னலுக்கு ஜன்னல் நடப்பான்.

வழி ஒன்று இருந்தது. ஏழாவது இடத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் போதும். ஆறையும் எட்டையும் பார்த்து மென்பொருளே நடுவில் அழகாக வண்ணம் பூசிவிடும். ஒருத்தருக்கும் தெரியாது. அவனும் பிழைத்துக்கொள்வான், குழாயும் வந்துவிடும்.

"பத்தே முக்கால்!" தலைவர் இப்போது உள்ளேயே வந்துவிட்டார்.

அவள் தட்டினாள். பிரிண்டரிலிருந்து வந்த தாளில் ஏழாவது இடம் மட்டும் மேலிருந்து அடிவரை வெறும் வெள்ளைப் பட்டை. கீழே இரண்டு வரி: 'இந்த இடம் அளக்கப்படவில்லை. அனுப்பப்பட்டது பக்கத்து இடத்தின் நகல்.'

தலைவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "யார் பண்ணாங்கன்னு கேப்பாங்களேம்மா!"

"பின்னாடி பாருங்க சார். பேர எழுதியிருக்கேன்."

தாளைத் திருப்பிப் பார்த்தவர், அதை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். அனுமதி நின்றது. கப்பலைத் திரும்பி வரச் சொல்லி உத்தரவு போயிற்று.

மூன்றாம் நாள் கப்பலைத் துறைமுகத்தில் கட்டியதும் அவள் கைபேசி அடித்தது. இரண்டு முறை அடித்து ஓயவிட்டாள். மூன்றாம் முறை எடுத்தாள்.

"என் பேரையே எழுதிக் குடுத்துட்டியாமே?"

"பின்ன? கொஞ்சணுமா? பதினோரு வருஷம் குடும்பம் நடத்தி, உங்களப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடியே, ஆலை ஆளு கருவிய இறக்கவே விடல. பக்கத்து அளவப் பாத்து ஏதாவது போடுன்னு தலைமேலயே நின்னான், நீ போன் பண்ணப்பவும் ஸ்பீக்கர போட்டு ஒட்டி உக்காந்துட்டான். நெஜமாவே உன்ன ஏமாத்தணும்னா, நூத்தி இருபது வரியிலயும் ஒரே 0.02-ஆ போடுவேனா, அங்கங்க கலைச்சு விட்டிருக்க மாட்டேன்?"