விட்டுக்கொடுத்த ஆட்டம்

"லாரி வாசல்ல வந்து நிக்குது. அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து செஸ் ஆடறாங்க. உருப்பட்ட மாதிரிதான்!"

மருமகள் இதைச் சொன்னது சமையலறையிலிருந்து. ஆனால், கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கும் ஓசையிலேயே கோபம் தெரிந்தது.

மூட்டை கட்ட உதவுவதற்கென்று வந்து, காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழாத நாத்தனார் முகத்தைச் சுளித்தாள்.

"பார்த்தியாடா தம்பி? எப்படா கிளம்புவோம்னு இருக்கு அவளுக்கு. அப்பா எக்கேடு கெட்டா என்ன!"

தம்பி புன்னகைத்தான். எதையும் பொறுத்துக்கொள்ளும் பெரிய மனிதரின் புன்னகை அது. கல்லூரி நாட்களில் செஸ் கோப்பைகளாக வாங்கிக் குவித்ததால் உறவுக்குள் அவனுக்குச் சாம்பியன் என்றே பெயர். இப்போது பொறியாளர், பதவி உயர்வில் எட்டு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள நகரத்துக்குக் குடும்பத்தோடு குடிபோகிறான்.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சென்ற மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, மருமகள் கடைக்குப் போய்த் திரும்பும்வரை முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்தவர். ஆனாலும், "எனக்கு அங்கே என்ன வேலை? நான் இங்கேயே இருந்துக்கறேன்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை உறவினர் அனைவர் முன்னிலையிலும் சாம்பியன் எழுந்து அறிவித்தான்.

"ஒரே ஒரு ஆட்டம்பா. நான் ஜெயிச்சா நீங்க எங்களோட வரணும். நீங்க ஜெயிச்சா உங்க இஷ்டம். இங்கேயே இருக்கலாம்."

உறவினர் உருகிப்போனார்கள். அவனுக்குப் பதினைந்து வயதான பிறகு வாத்தியார் அவனை ஒரு முறைகூட வென்றதில்லை. பிடிவாதக்காரரை நோகாமல் அழைத்துப்போக எவ்வளவு நாசூக்கான வழி!

இதோ, அந்த ஆட்டம்தான் நடந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டாவது நகர்த்தலில் வாத்தியார் தம் ராணியைக் கொண்டுபோய் மகனுடைய யானைக்கு நேர் எதிரில் வைத்தார்.

"பாவம், மூளை மழுங்கிடுச்சு" என்று அக்கா முணுமுணுத்தாள்.

சாம்பியன் வெகுநேரம் யோசித்தான். பிறகு, வேறொரு மூலையிலிருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான்.

"ஏன்டா எடுக்கலை?"

"கவனிக்காம வெச்சுட்டார்க்கா. அதைப் போய் எடுக்கறது நல்லாவா இருக்கும்?"

"தங்கம்டா நீ!"

சாமான் ஏற்றும் மேஸ்திரி எட்டிப்பார்த்தார். "சார், இந்தக் கோப்பையெல்லாம் எந்த ரூமுக்கு? பெட்டி மேல எழுதணும்."

"மூணாவது ரூம். செஸ் மேசை, புத்தக அலமாரி எல்லாம் அங்கதான்."

"பெரியவர் கட்டிலு?"

"ஆட்டம் முடியட்டும், சொல்றேன்."

மருமகள் ஒட்டும் டேப்பும் கையுமாக வந்து மாமனாரின் பின்னால் நின்றாள். வாத்தியார் மறுபடியும் ராணியை நகர்த்தினார். இம்முறை குதிரையின் வாயில். சாம்பியனின் கை குதிரை வரை போய், மனம் மாறி, இன்னொரு சிப்பாயைத் தொட்டது.

"எடுத்துத் தொலைங்களேன்!" என்று மருமகள் வெடித்தாள்.

"உனக்கு என்ன தெரியும் இந்த ஆட்டத்தைப் பத்தி? போய்ப் பாத்திரத்தைக் கட்டு" என்றாள் நாத்தனார்.

"ஆட்டம் தெரியாதுதான் அண்ணி. காலைலேர்ந்து யாரு குனிஞ்சு நிமிர்ந்தாங்கன்னு தெரியும்."

நாத்தனார் நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

அதற்குள் வாத்தியாரின் முறை வந்தது. ராணியை எடுத்தார். துணைக்கு ஒரு காயும் இல்லாமல், மகனுடைய ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே வைத்தார். விருந்தாளியின் பக்கம் தட்டை நகர்த்துவதுபோல் இருந்தது அது.

"செக்" என்றார், தாழ்ந்த குரலில். பார்வை பலகையில் இல்லை. மகனுடைய முகத்தில் இருந்தது.

ராஜாவாலேயே அந்த ராணியை வெட்டிவிடலாம். ஆட்டம் பழகும் குழந்தைக்கும் அது தெரியும்.

சாம்பியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒற்றை விரலால் தன் ராஜாவைச் சாய்த்துப் படுக்கவைத்தான்.

"முடிஞ்சதுப்பா. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

அக்காவுக்குக் குரல் தழுதழுத்தது. "ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை அப்பா மனசுக்காக விட்டுக்கொடுத்துட்டானே! எந்தப் பிள்ளை செய்வான்?"

"இத்தனை வருஷம் வாழ்ந்த வீட்டை விட்டு வர மனசில்லாதவரை இழுத்துக்கிட்டுப் போறது பாவம்க்கா" என்றான் சாம்பியன். கைக்குட்டையை எடுத்துக் கண்ணோரம் ஒற்றிக்கொள்ளவும் செய்தான். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: "மேஸ்திரி! கட்டில் இங்கேயே இருக்கட்டும்!"

நாத்தனார் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள். "இப்போ நிம்மதிதானே உனக்கு?"

மருமகளின் கையிலிருந்த டேப், கிழிபடாமல் பாதியில் நின்றிருந்தது.

வாத்தியார் காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டு மூடினார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த மாணவனைப்போல், அவளை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"நீ சொல்லிக்கொடுத்தபடியே தோத்துடத்தான்மா பார்த்தேன். மூணு தடவை ராணியைக் கொண்டுபோய் அவன் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்க மாட்டேன்னுட்டாம்மா."