மூன்றாவது பெஞ்சில் சமாதானம்

சமாதானம் மூன்றாவது பெஞ்சு வரை நல்லபடியாகத்தான் வந்தது.

ஞாயிறு ஆராதனையில் குருவானவர் பீடத்திலிருந்து இறங்கி முன்வரிசைக்குக் கை பிடித்துக் கொடுத்தார். முன்வரிசை பின்வரிசைக்குக் கொடுத்தது. ஒரு கை நீளும். இரண்டு கை அதைப் பொத்திக்கொள்ளும். "சமாதானம்" என்று வாய் முணுமுணுக்கும். பிறகு பக்கத்து ஆள்.

மூன்றாவது பெஞ்சில் அவள் வாங்கினாள். பக்கத்தில் நின்ற ஹெப்சி டீச்சருக்குக் கொடுத்தாள்.

டீச்சர் அதை பெஞ்சுக் கோடியில் நிற்கிற எமிமாளுக்குக் கொடுக்க வேண்டும்.

டீச்சர் பட்டுச்சேலை சரசரக்கப் பின்பக்கம் திரும்பிவிட்டாள்.

எமிமாள் நீட்டிய கையோடு நின்றாள்.

இதைப் பார்த்த அவளுக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறுபள்ளியில் பிள்ளைகளுக்கு, எதிரிக்கும் உதவிய நல்ல சமாரியன் கதை சொல்லிக்கொடுக்கிறவள் இந்த டீச்சர். பிளானல் அட்டையில் கழுதையெல்லாம் ஒட்டிக் காட்டுவாள்.

சபைத் தேர்தல் முடிந்து கிறிஸ்மஸும் வந்து போய்விட்டது. இன்னும் இதே கூத்துதான். பெண்கள் பக்கத்தில் தூணுக்கு முன்னால் ஜெயித்த அணி, தூணுக்குப் பின்னால் தோற்ற அணி. எதிரிக்குக் கை கொடுத்துவிடக் கூடாதே என்று இந்த ஏற்பாடு. தூணைத் தாண்டிச் சமாதானத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க மணியடிக்கிற தாசையா தனியாக நடந்து போகிறார், தபால்காரர் மாதிரி. வெட்கங்கெட்ட ஜனங்கள்.

எமிமாள் தோற்ற அணி. இன்றைக்குப் பிந்தி வந்தவள் பக்கவாசல் வழியாக நுழைந்து இந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் நடக்க முடியவில்லையா, வேண்டுமென்றேதான் வந்தாளா, தெரியாது.

எமிமாள் அவளுடைய கூடப் பிறந்த தங்கை.

இருவரின் புருஷன்மாரும் ஒரே பதவிக்கு நின்றார்கள். என்ன பெரிய பதவி, கோயில் கமிட்டி மெம்பர். அதற்குப் பிரியாணி, அதற்குக் குவார்ட்டர், அதற்கு ஜெபக்கூட்டம் வைத்து ஓட்டுக் கேட்பது. ஜெயித்த அன்று அவள் புருஷன் சாம்ராஜ் எமிமாள் வீட்டு வாசலில் சரவெடி போட்டான். போட்டுவிட்டு வந்து கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றான்.

தங்கைக்கு மார்பில் கட்டி என்று மீன்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. இன்று சாயங்காலம் மதுரைக்குப் போகிறாள். நாளைக்கு ஆபரேஷன். அதுவும் மீன்காரி சொன்னதுதான்.

தூ, என்ன பிழைப்பு இது.

தங்கை வீட்டு வாசலை மிதித்தால் அங்கேயே இருந்துகொள்ள வேண்டியதுதான் என்று சாம்ராஜ் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிறவன். ஒருமுறை தன் அம்மாவையே பஸ் ஏற்றி அனுப்பியவன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து அவன் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

நீட்டிய கையை எமிமாள் மெல்ல மடக்கினாள். தன் இடது கையால் தானே அதைப் பொத்திக்கொண்டாள். முழங்கை மடிப்பில், ரத்தம் எடுத்த இடத்தில், பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி.

அக்காக்காரி ஹெப்சி டீச்சரை நகரச் சொல்லவில்லை. இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். டீச்சரின் பாட்டுப் புஸ்தகம் கீழே விழுந்தது. விழட்டும்.

தங்கையின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது.

சமாதானம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஏட்டி, சாப்பிட்டியா?"

எமிமாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா, அத்தான் பாக்காவ."

"பாக்கட்டும்."

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். டீச்சருக்கும் தங்கைக்கும் நடுவில் அவளும் நெருக்கியடித்து உட்கார்ந்தாள். சுற்றியிருந்தவர்கள் அன்பு, அன்பு என்று ராகம் இழுத்துப் பாடினார்கள். நன்றாகத்தான் பாடுவார்கள். பாட்டில் ஒரு குறையும் கிடையாது.

கமிட்டி மெம்பர்கள் காணிக்கைப் பையோடு வந்தார்கள். பக்கவாசல் ஓரமாக ஒவ்வொரு பெஞ்சுக்கும் பையை நீட்டிக்கொண்டு வந்தவன் சாம்ராஜ்.

மூன்றாவது பெஞ்சில் நின்றான்.

எமிமாளிடம் நீட்டவில்லை. அவள் தலைக்கு மேலாக, பெண்டாட்டியின் முகத்துக்கு நேரே பையை நீட்டினான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முகத்தில் பக்தி.

காணிக்கை அவள் மடியில் கைக்குட்டைக்குள் இருந்தது. தங்கையைப் பிடித்திருந்த ஒரு கையை விட்டால் போதும். எடுத்துப் போட்டுவிடலாம். அவன் நகர்ந்துவிடுவான். மத்தியானம் வீட்டில் சோறு பொங்கலாம்.

எமிமாள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

அவள் விடவில்லை.

சாம்ராஜ் பையை நீட்டியபடியே நின்றான். பாட்டு முடிந்துவிட்டது.