வலது பக்கம் நில்லு

இன்பராஜும் ஹெலனும் ஒசாகா போகிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களை ஹெலனே மாடியிலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். நாலு நாள் பயணம், இருவருக்குமே முதல் தடவை என்றாள். குழந்தை குட்டி இல்லாத வீடு, பூட்டிக்கொண்டு கிளம்ப என்ன தடை என்று தெரு பேசிக்கொண்டது.

"கோட்டைக்குக் காலையிலயே போயிடணும். மத்தியானம் கூட்டம் தாங்காது" என்றான் இன்பராஜ்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீடியோல சொன்னாங்க."

எதைக் கேட்டாலும் அந்த வீடியோதான். பக்கத்துத் தெருவுக்கே வழி கேட்டுப் போகிற ஆள், ஒசாகா ஸ்டேஷனில் எந்த வாசலில் வெளியே வருவது என்பதுவரை சொன்னான். கல்யாணத்துக்கு முன்பு சில வருஷம் புனேயில் வேலை பார்த்ததாகச் சொன்னவனுக்கு மராத்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது என்பது ஹெலனுக்கு இப்போதுதான் உறைத்தது.

பெட்டி வாங்க மாலுக்குப் போனார்கள். எஸ்கலேட்டரில் அவள் நடுவில் நின்றாள்.

"வலது பக்கம் ஒதுங்கி நில்லு. ஒசாகால அப்படித்தான்."

"இதுவும் வீடியோவா?"

"ஆமா."

"நல்ல வீடியோங்க. எனக்கும் ஒரு நாள் காட்டுங்க."

அவன் சிரித்தான். அடுத்த மாடிக்கு ஏறும்போது செல்போனைப் பார்த்தபடி முன்னால் போனவன், திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டினான். ஹெலன் ஆசையாகத்தான் பிடிக்கப் போனாள். ஆனால் கை அவள் இடுப்புக்கும் கீழே, சின்னக் குழந்தை எட்டிப் பிடிக்கிற உயரத்தில் விரிந்து காத்திருந்தது.

அவள் குனிந்து, ஒரே ஒரு விரலை அதற்குள் வைத்துப் பார்த்தாள். கை பழக்கத்தோடு மூடிக்கொண்டது.