ராஜினாமா வழக்கில் இல்லை

அம்மாவின் நுரையீரலில் பஞ்சு படிந்திருக்கிறது, மில்லை விட்டால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னார். அவளைக் கூட்டிக்கொண்டு மில் அலுவலகக் கவுண்டருக்குப் போனேன். அங்கே எதையும் இயந்திரத்திடம்தான் சொல்ல வேண்டும்.

"ராஜினாமா" என்றேன்.

"இந்தச் சொல் வழக்கில் இல்லை" என்றது.

என் தாத்தா அந்த ஒரு சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு இதே மில்லிலிருந்து நடந்து போனவர். அம்மா சேர்ந்தபோது அதை 'விலகல்' ஆக்கினார்கள், பிறகு 'நீண்ட ஓய்வு' ஆக்கினார்கள். தொழிற்சங்கத்தைக் கலைத்த மறுநாள் 'கலைப்பு' என்ற சொல்லையும் நீக்கினார்கள். நான் தமிழ் எம்.ஏ. படித்தவள்; இவற்றோடு எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

கவுண்டரில் இருந்த மயில்சாமி சிரித்தான். "ஏனம்மிணி, மில்லு நம்ம குடும்பமுங்கறாங்க. குடும்பத்தை உட்டு யாராச்சும் ராஜினாமா பண்ணுவாங்களா?"

"உங்க குடும்பத்துல இருமிச் சாகறவங்களையும் வேலைக்கு அனுப்புவீங்களா?"

"உடு கண்ணு, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றாள் அம்மா, இருமலுக்கு நடுவே.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இயந்திரத்தை ஓங்கித் தட்டி, "எங்கம்மாவ உட்டுட்டு என்னையச் சேத்துக்கோ, தொலை!" என்று கத்தினேன்.

உடனே பச்சை விளக்கு எரிந்தது. "மகளின் சேர்க்கை முடிந்தது. இனி இருவரும் ஒரே ஷிப்ட்."

மில் பக்கமே வராதே என்று என்னைப் படிக்க வைத்தவள் என் கன்னத்தில் அறைந்தாள். பிறகு தன் தலைத்துணியை அவிழ்த்து, பஞ்சு ஒட்டாதபடி என் முடியை இறுக்கிக் கட்டிவிட்டாள்.