ஏழாம் நம்பர் பாட்டில்

"பீரை எங்கே கொண்டுபோய் வைக்கிறே? துணி அலமாரியிலா? என்ன, அடைகாத்துக் குஞ்சு பொரிக்கப் போறியா?"

ஹோரேஸ் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி மேவிஸ், தான் வீட்டிலேயே காய்ச்சிய பீரின் கடைசி பாட்டில் வாயில் மூடியை வைத்து ஓங்கி அழுத்தினாள்.

"வேற எங்கே வைக்க? நிலவறையைத்தான் நீ பூட்டி வச்சிருக்கியே."

"பூட்டாம? அங்கே இருக்கிறது மாவட்டக் கோப்பை வாங்கின பீர். உன்னுது வெடிகுண்டு."

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. வெந்நீர்த் தொட்டிக்கு மேலே இருந்த அந்த அலமாரி எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். போன கோடையில் மேவிஸின் பாட்டில்கள் இரண்டு உள்ளேயே வெடித்து, ஹோரேஸ் தேவாலயத்துக்குப் போட்டுப் போகும் சட்டைகளெல்லாம் பீரில் ஊறிப்போயின. அதை மதுக்கடையில் சொல்லிச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தார். குளிர்ந்த, இருட்டான நிலவறை முழுக்கத் தன் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு, பெண்டாட்டிக்குச் சூட்டை ஒதுக்கிய புண்ணியவான் யார் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்.

"நிலவறையில ஒரே ஒரு அடுக்கு குடு, ஹோரேஸ். அப்புறம் வெடிக்குதான்னு பாரு."

"உனக்கா? ஈஸ்ட் புளிச்சுப் பொங்கி அடங்குறதுக்குள்ள பாட்டில்ல ஊத்துறே. சர்க்கரையை அளந்து போடத் தெரியாது, டீக்குப் போடற மாதிரி அள்ளிப் போடுறே. உன்னுது வெடிச்சா என்னுதும் சேர்ந்து போகும்." தாடையைச் சொறிந்தார். "சரி, ஒண்ணு செய். ஊர்க் கண்காட்சி பீர்ப் போட்டிக்கு ஒரு பாட்டில் அனுப்பு. தேறினா பாதி நிலவறை உனக்கு. தேறலேன்னா இந்தப் பானை, குழாய் எல்லாம் குப்பைக்கு. சம்மதமா?"

"அங்கே நடுவரே நீதானே?"

"அதனால என்ன? பாட்டில்ல பேரா எழுதியிருக்கும்? எல்லாம் ஒரே மாதிரி பழுப்பு பாட்டில், கழுத்துல ஒரு நம்பர். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

மேவிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி" என்றாள்.

கண்காட்சி அன்று காலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பாட்டிலின் கழுத்தில் ஏழு என்ற சீட்டைக் கட்டினாள். எல்லாரும் ஒண்ணுதான் என்ற மகானுபாவர், செய்தித்தாளுக்கு மேலாகக் கண்ணை ஓட்டி அதை நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

மதியம் ஊர் மண்டபத்தில் ஜாமுக்கும் பூசணிக்கும் பரிசு கொடுத்து முடிந்ததும், கூட்டம் பீர் மேசையைச் சூழ்ந்தது. ஹோரேஸ் நடுவருக்கான வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, மோந்து பார்த்து, ஒரு வாய் சுழற்றி வாளியில் துப்பினார். "பரவாயில்லை." "கசப்பு கொஞ்சம் தூக்கல்."

ஏழாம் நம்பர் வந்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மூடியைத் தூக்கினார். உஸ்ஸென்றது.

"கேட்டீங்களா சீறலை? சர்க்கரை ரெண்டு பங்கு! இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கண்ணாடி தெறிச்சு யாரோட கண்ணாவது போயிருக்கும்." குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "பாருங்க, குட்டைத் தண்ணி."

"தெளிவாத்தானே இருக்கு?" என்றார் கண்காட்சிச் செயலாளர் பெர்சி.

"முதல்ல உன் மூக்குக்கண்ணாடியை மாத்து, பெர்சி."

கூட்டம் சிரித்தது. ஹோரேஸ் ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கு என்னவோ சொல்ல வந்தது. அதைக் கேட்க அவருக்கு நேரமில்லை. துப்பினார்.

"சீ! ஈரத் துணி நாத்தம். பாட்டிலை ஒழுங்காக் கழுவவே இல்லை. அது போதாதுன்னு சூட்டுல வேற வச்சுக் கெடுத்திருக்காங்க."

"சூட்டுலயா? நிச்சயமாத் தெரியுமா?" என்று கூட்டத்திலிருந்து கேட்டாள் மேவிஸ்.

"என் நாக்கு பொய் சொல்லாது, அம்மணி! இதைப் போட்டவங்க யாரா இருந்தாலும் சரி, இனிமே நிலவறைப் பக்கம் காலெடுத்து வைக்கக்கூடாது. பானையும் குழாயும் குப்பைக்குப் போகணும். ஊரே சாட்சி!"

மதிப்பெண் அட்டையில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார். எந்த நம்பர் யாருடையது என்று எழுதி ஒட்டியிருந்த உறையைப் பெர்சி பிரித்து, பெயரைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"ஏழாம் நம்பர்... நம்ம மேவிஸ்."

"அடப் பாவமே" என்றது ஒரு குரல். ஹோரேஸ் இரண்டு கையையும் விரித்தார். "அடடா! எனக்கு எப்படித் தெரியும்? நம்பரைத்தானே பார்த்தேன்?"

மேவிஸ் அழவில்லை. நேரே மேசைக்கு வந்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த பீரைக் குவளையில் ஊற்றி, நிதானமாகக் குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"கொண்டுவந்ததுதான் நான், ஹோரேஸ். போட்டது நீ. நேத்து உன் சாவியை எடுத்து, மாவட்டக் கோப்பை வாங்கித் தந்துச்சே உன் பீர், அதுல ஒண்ணைத் தூக்கிட்டு வந்தேன்" என்றாள். "சரி, நிலவறையை எப்போ காலி பண்றே?"