பழிவாங்கப் போட்ட லீவு

கூற்றுவனைக் கொன்றே தீருவதென்று தெய்வானை ஆபீசுக்கு இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். ஒரு வீடியோ விளையாட்டின் முதல் பாகத்தில் அவளுடைய கப்பலை எரித்த கொள்ளைக்காரன் அவன். அந்தக் கடுப்பில் ஆட்டத்தைப் பாதியில் விட்டவள், மூன்று வருடமாகப் பல்லைக் கடித்துக் கடித்து இரண்டு கடைவாய்ப் பற்களை இழந்திருந்தாள்.

இரண்டாம் பாகம் வந்ததும், விளையாட்டுக்குள்ளேயே நிற்பதுபோலக் காட்டும் விஆர் கண்ணாடியை மாட்டினாள். கூற்றுவனின் கோட்டை வாசலில், முதல் பாகத்தில் அவளோடு கப்பலில் வந்த தோழன் சாத்தன் தாடியோடு நின்றான்.

“வாங்கக்கா. அடுப்புல பால் பொங்குது, ஒரு நிமிஷத்துல வந்துடறேன்னு போனீங்களே. இறக்கி வச்சாச்சா?”

“அது வந்து தம்பி, கொஞ்சம் வேலை...”

“மூணு வருஷம். இதே பாறையிலதான் உட்கார்ந்திருந்தேன்.”

“சரி, கதவைத் திற. அவனைத் தீர்த்துட்டுப் பேசலாம்.”

“சாவி வீட்டுல இருக்கு. உட்காருங்க, ஒரு நிமிஷத்துல வந்துடறேன்.”

லீவு முடியும் சாயங்காலம் கணவர் பழனிவேல் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றாமல் தெய்வானை சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, கூற்றுவனைக் கொன்னாச்சா?”

“அவன் கிடக்கான் விடுங்க. நான் எழுந்து போன நேரம் பார்த்து சாத்தன் வந்துட்டா?”